தேதி குறித்த மாரடைப்பு

ஊரில் எல்லோருக்கும் மாரடைப்பு சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. நான் மட்டும்தான் தேதி குறித்து, வெறும் வயிற்றோடு கார் பிடித்து, தஞ்சாவூர் வரை போய் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். நாகூரில் நான் இதை யாரிடம் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் மகள் முகத்தைப் பார்ப்பார்கள். மகள் ஷிஃபா, "உம்மா சொல்றது நெசந்தான்" என்ற பிறகுதான் முழுசாகக் கேட்க உட்காருவார்கள்.

என் பெயர் சைத்தூன் பீவி. பிறந்தது குத்தாலம் பக்கம், வாழ்க்கைப்பட்டது நாகூர். எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். கேள்வி கேட்பதை நிறுத்த மறந்துவிட்டார்கள். பஜ்ஜி சுற்றி வந்த பேப்பரைக்கூட எண்ணெயோடு பிரித்து இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவேன். என் கணவர் உபைதுல்லா சவூதியில், தம்மாமில், ஒரு பெரிய கடையின் கிடங்கில் வேலை பார்த்தார். குவைத் சண்டை ஓய்ந்த மறு வருஷம் போனவர். அப்போது ஷிஃபா கைக்குழந்தை. எங்கள் தெருவில் இதில் ஒன்றும் புதுமை கிடையாது. வெளிநாட்டுக்குச் சபர் போகாத ஆம்பளை உள்ள வீட்டைத்தான் தேட வேண்டும்.

அவர் போன அந்த வாரமே நான் முதன்முதலாக விழுந்தேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றவள் கண் இருட்டி அப்படியே சாய்ந்துவிட்டேன். பார்த்தவர்களுக்கெல்லாம் காரணம் உடனே விளங்கிவிட்டது. புருஷன் ஏக்கம். பக்கத்து வீட்டுக்காரி என் தலையைத் தடவிக்கொண்டே, கொடுத்துவைத்த ஆம்பளை என்றாள். பிற்பாடு விழுந்தபோதெல்லாம் ரத்தமில்லை, பித்தம், கண்ணேறு, வெயில் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெரியவில்லை என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

எனக்குத்தான் அது அரித்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் நான் கவனித்துவைத்திருந்தேன். படுத்திருக்கும்போது ஒன்றும் வராது. சட்டென்று எழுந்து நின்றால் வரும். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும்போது குத்தவைத்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். நோன்பு மாதத்தில் சாயங்கால அசர் தொழுகை நேரம் நெருங்க நெருங்க மோசமாகும். கண்ணேறு என்றால் நோன்புக் காலத்தில் மட்டும் மூன்று மணிக்கு மேல் ஏன் கூட வேண்டும்? யாரிடம் கேட்டாலும், "ஒனக்கு வாய் அடங்காது" என்றார்கள். அது சரிதான், ஆனால் அது பதில் இல்லை.

சில வருஷம் போனதும் நெஞ்சில் இறுக்கமும் சேர்ந்துகொண்டது. அதை போனில் கேட்ட என் கணவர் தம்மாமிலிருந்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். அவர் அறையில் இருந்த ஒரு மலையாளிக்கு நெஞ்சுவலி வந்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்களாம், மனிதர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாராம். அதே மாத்திரையை வாங்கி, ஊருக்கு வருகிற ஆளிடம் எல்லாம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, மேலே அரபு எழுத்து. எங்கள் ஊரில் அரபு எழுத்துள்ள மருந்து என்றால் அதற்குத் தனி மரியாதை. இங்கே மருந்துக்கடையில் விற்கிற அதே சரக்காக இருந்தாலும், அது கப்பல் விமானம் ஏறி வந்தால்தான் உடம்பில் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அந்தக் குப்பி பீங்கான் சாமான் வைக்கிற அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

வீட்டில் இதற்கென்று ஒரு வழக்கமே ஏற்பட்டுவிட்டது. நான் நெஞ்சைப் பிடித்தால் போதும், யாராவது ஓடிப்போய் மாத்திரையை எடுத்துவந்து நாக்கடியில் வைப்பார்கள். வைத்த சற்று நேரத்தில் நான் சுருண்டு விழுவேன். தரையில் படுக்கவைத்து, காலுக்கு இரண்டு தலையணை கொடுத்து, விசிறுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறப்பேன். "பாத்தியா, மாத்திர வேல செய்யுது" என்பார்கள். நானும் நம்பினேன். இவ்வளவு கேள்வி கேட்கிறவளுக்கு அந்தக் கேள்வி மட்டும் தோன்றவில்லை. புருஷன் அனுப்பிய மருந்து என்றால் யாருக்குத்தான் தோன்றும்?

ஒரு முறை காய்ச்சலுக்காகப் போன இடத்தில், நாகப்பட்டினத்து லேடி டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஏதோ இரைச்சல் கேட்கிறது, தஞ்சாவூரில் இதய டாக்டர் தியாகராசனைப் போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். என் கணவரின் அண்ணன் மீரா உசேன்தான் அழைத்துப் போனார். அவரைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். தர்கா பக்கம் ஃபேன்சி சாமான் கடை வைத்திருக்கிறார். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் எங்கள் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவர் தலையில். மாசி மாதம். கீவளூர் தாண்டியதும் ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பிவைத்திருந்தார்கள். எங்கள் பஸ் அதன்மேல் ஏறி இறங்கி அவர்களுக்குக் கூலியில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனது.

டாக்டர் தியாகராசனுக்கு ஐம்பது வயது இருக்கும். காது மடலில் முடி. என்னை உட்காரவைத்துக் கேட்டார், நிற்கவைத்துக் கேட்டார், பிறகு, "கீழ குத்தவச்சு உக்காருங்கம்மா" என்று தானும் என்னோடு குனிந்து குழாயை வைத்துக் கேட்டார். "எந்திரிங்க" என்றார். மறுபடி உட்காரச் சொன்னார். ஷிஃபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நின்னா சத்தம் கூடுது. உக்காந்தா கொறையுது" என்று பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் பெண்ணிடம் சொன்னார்.

"எனக்கும் அப்படித்தாங்க" என்றேன். "நின்னாத்தான் வருது. குத்தவச்சா போயிடுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரிய மச்சான் லுஹர் தொழ வெளியே போயிருந்த நேரம் அது. இருந்திருந்தால், டாக்டரையே பேசவிடு என்று என்னை அடக்கியிருப்பார். அவர் இல்லாததால் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நோன்பு, அசர் நேரம், படுத்தால் சரியாவது, எல்லாம்.

இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ அறையில் நெஞ்சில் சில்லென்று பசையைத் தடவி, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் என் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. என் உடம்புக்குள் இத்தனை வருஷம் ஓயாமல் வேலை செய்த ஒன்றை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். பயமாக இல்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றிருந்தது.

"இது நடுச்சுவரு" என்று விரலால் காட்டினார். "எல்லாருக்கும் மெல்லிசா இருக்கும். உங்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல தடிச்சிருக்கு. ரத்தம் வெளிய போற வாசலுக்கு நேரா புடைச்சிக்கிட்டு நிக்குது. வாய்க்கா மடையில கரை உள்ள தள்ளிக்கிட்டு வந்தா தண்ணி பாயாதுல்ல, அது மாதிரி."

"மடை எப்பவும் ஒரே அளவுதானே டாக்டர் இருக்கும்? எனக்கு ஒரு நேரம் அடைக்குது, ஒரு நேரம் தொறந்துக்குது. நோன்பு வச்சா ஏன் ஜாஸ்தி அடைக்குது?"

"சரி, மடை வேணாம். துணிப்பைன்னு வச்சுக்குங்க. பை நெறைய சாமான் இருந்தா ரெண்டு பக்கமும் வெலகி நிக்கும். பாதிப் பையா இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒடம்புல தண்ணி கொறஞ்சா இதயத்துக்கு வர்ற ரத்தமும் கொறையும். பை தளர்ந்துடும். தடிச்ச சுவரு வாசல்ல போய் ஒட்டிக்கிட்டு அடைச்சிடும்."

"எந்திரிச்சு நின்னா?"

"ரத்தம் காலுக்கு எறங்கிடும். அப்பவும் பை தளரும்."

"குத்தவச்சா கால்ல உள்ளது மேல ஏறிடும்" என்றேன் நான்.

"அவ்வளவுதான்" என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் பெரிசு என்பதற்காக இல்லை. இத்தனை வருஷம் என்னைத் தள்ளிவிட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது, அது ஒரே காரணம், எல்லாக் கேள்விக்கும் அது ஒன்றே பதில். அதற்காக அழுதேன். பிறவியிலேயே குடும்பத்தில் வருகிற கோளாறு என்றார். என் வாப்பாவின் தம்பி, சின்னாப்பா, வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு சாய்ந்தது ஞாபகம் வந்தது. பாம்பு கடித்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள், கடிவாய் எங்கே என்று யாரும் தேடவில்லை. டாக்டர் அப்போதே ஷிஃபாவையும் படுக்கவைத்துப் பார்த்தார். அவள் சுவர் சரியாக இருந்தது. வருஷா வருஷம் பார்க்கச் சொன்னார்.

"வேற என்ன மருந்து சாப்புடுறீங்க?" என்று கடைசியாகக் கேட்டார். நான் பையிலிருந்து பழுப்புக் குப்பியைப் பெருமையாக எடுத்து வைத்தேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் போட்டா என்ன ஆவும்?"

"மயக்கம் வரும். கீழ படுக்கவச்சு, காலை ஒசத்தி வைப்பாங்க. அப்பறம் தெளிஞ்சுடும்."

சின்ன டாக்டர் குனிந்துகொண்டாள். "இது ரத்தக்குழாயைத் தளர்த்துற மாத்திரைம்மா. மத்த நெஞ்சுவலிக்கு நல்ல மருந்துதான்" என்று அவர் தொடங்கியபோதே எனக்கு மீதி விளங்கிவிட்டது. குழாய் தளர்ந்தால் ரத்தம் அங்கே தங்கிவிடும். இதயத்துக்கு வருவது குறையும். பை ஒட்டிக்கொள்ளும். நான் விழுவேன். காலை உயர்த்தினால் ரத்தம் திரும்பும். என்னை விழவைத்தது மாத்திரை, எழுப்பியது இரண்டு தலையணை.

"இனிமே இதைத் தொடக் கூடாது. ஒரு நாள் எந்திரிக்காமலே போயிடுவீங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் பெரிய மச்சான், "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். ஷிஃபா வாயைத் திறந்தாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். சுவர் தடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மாத்திரையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணவர் தம்மாமில் ஏழெட்டுப் பேரோடு ஒரே அறையில் கிடந்து, தனக்கு ஒரு சட்டை எடுக்க யோசித்துக்கொண்டு, எனக்கு அனுப்புகிற ஒன்றே ஒன்று அது. அதைப் போய் விஷம் என்று எப்படிச் சொல்வது?

டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். சவூதி மாத்திரையை யாருக்கும் தெரியாமல் சாக்கடையில் போட்டேன். விழுவது குறைந்தது. வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? இப்போதுதான் சவூதி மாத்திரை உடம்பில் பிடித்திருக்கிறது என்றார்கள். பெரிய மச்சான் அதைத் தம்பிக்கும் போனில் சொன்னார். அவர் பூரித்துப்போய், சீர்காழிக்காரர் ஒருவரிடம் இன்னும் இரண்டு குப்பி கொடுத்தனுப்பினார். சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் மூச்சிரைப்பு விடவில்லை. ஒரு நாள் மாடியில் துணி காயப்போடப் போனவள் படியிலேயே விழுந்து, புருவம் கிழிந்துவிட்டது. மறுபடி தஞ்சாவூர். இந்தத் தடவை பெரிய மச்சான் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரை போதாதும்மா" என்றார் டாக்டர். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மெட்ராஸ்ல நெஞ்சைத் தொறந்து தடிச்ச சதைய வெட்டி எடுக்குறது. இன்னொண்ணு, தொடையில ஊசி போட்டு, அது வழியா கம்பி மாதிரி ஒரு குழாயை இதயம் வரைக்கும் அனுப்பி, தடிச்ச எடத்துக்கு மட்டும் ரத்தம் குடுக்குற சின்னக் கிளையைக் கண்டுபிடிச்சு, அதுல ஒரு சொட்டு மருந்து விடுறது. அந்த எடம் மட்டும் செத்து, நாளாவட்டத்துல சுருங்கிடும். மெட்ராஸ்லேர்ந்து இதுல பழக்கமுள்ள டாக்டர் இங்க வர்றாரு. உங்க ரத்தக்குழாய் அமைப்புக்கு இதுவே சரியா இருக்கும்னு தோணுது."

"இதயத்துல ஒரு எடம் செத்துப்போறதுன்னா அதுதானே மாரடைப்பு?" என்றேன்.

"ஆமா. சின்ன மாரடைப்பு. நாங்களா வரவைக்கிறது."

"நீங்களா வரவச்சா மட்டும் உயிருக்குப் பயமில்லையா?"

"பயம் இருக்கு. கொஞ்சம் இருக்கு. அந்தச் சுவரு வழியாத்தான் இதயத்துக்குக் கரண்டு போற பாதை. அது கெட்டுட்டா பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். நூத்துல ஒருத்தருக்கு அதுக்கு மேலயும் ஆகலாம். சும்மா விட்டா அதைவிட ஆபத்து. ரொம்ப நாள் தள்ளாதீங்க."

"என்ன மருந்து விடுவீங்க?" இது பெரிய மச்சான்.

"ஆல்கஹால். சுத்தமான ஆல்கஹால்."

பெரிய மச்சான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ஆல்கஹால் கலந்திருக்கும் என்று வாழ்நாளில் ஸ்ப்ரே சென்ட்கூடச் சட்டையில் அடிக்காதவர், அத்தர்தான். திரும்பும் வழியில் திருவாரூரில் டீ குடிக்க இறங்கியபோது, "எல்லா மருந்தையும் விட்டுட்டு இதுதான் கெடச்சுதா" என்று டீக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு குடிக்கப் போவுதா?" என்று கேட்டாராம் ஹஜ்ரத். இல்லை என்றிருக்கிறார் இவர். "உசுரைக் காப்பாத்த மருந்துன்னு டாக்டர் சொல்றாரு. அப்பறம் என்கிட்ட என்ன கேள்வி? நாள் கடத்தாம கூட்டிக்கிட்டுப் போங்க."

அந்தத் தடை அப்படிப் போனது. அதைவிடப் பெரிய தடை வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா முடிந்த பிறகு என் கணவர் போன் செய்வார். கைபேசியைக் கூடத்தில் ஸ்டூல்மேல் ஸ்பீக்கர் போட்டு வைத்து, வீடே சுற்றி உட்கார்ந்து பேசும். பெரிய மச்சான் எல்லாம் சொல்லி முடித்தார்.

"இதயத்துலயா கைய வைக்கிறாங்க?" என்றது ஸ்பீக்கர். "எதுக்கு? மாத்திரைதான் நல்லாக் கேக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இன்னும் நாலு குப்பி அனுப்புறேன். நோன்புப் பெருநாள் கழிச்சு லீவுல வர்றேன், அப்பப் பாக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பெருநாளுக்கு இன்னும் ஆறு மாதம். வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள், ஒரு பொய்யான மாத்திரையை நம்பி என்னைச் சாகவிடப் போகிறார்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதோ நான். உண்மையைச் சொன்னால் அவர் மனது உடையும். சொல்லாவிட்டால் என் இதயம் நின்றுபோகும். அவ்வளவு பேர் நடுவில், ஸ்பீக்கரில், அதை என்னால் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போய் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான், இங்கிருந்து மணி மட்டும் அடிக்கும், அங்கிருந்து கூப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை நான் அடித்ததே இல்லை. அடுத்த நிமிஷம் பதறிக்கொண்டு கூப்பிட்டார்.

"யாருக்கு என்ன?"

"எனக்குத்தாங்க. உக்காந்துக்கிட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, துணிப்பையிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். குழாய் தளர்வது, நான் விழுவது, தலையணை, சாக்கடை. "நீங்க அனுப்புன மாத்திரைதாங்க என்னைத் தள்ளிவிட்டுச்சு. இத்தனை வருசமா."

பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. ஹலோ, ஹலோ என்றேன். இணைப்பு அறுந்துவிட்டது. அல்லது அவர் வைத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை கூடத்தில் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அது அடிக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலாம் என்றிருந்தது.

நான் காத்திருக்கவில்லை. நாள் குறித்துவிட்டேன். "தம்பி வாயத் தொறக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் பெரிய மச்சான். ஆனால் விடியற்காலையில் காரோடு வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் தியாகராசன் பேனாவை என்னிடமே நீட்டினார். "சுயநினைவோட இருக்குற ஆளு நீங்க. இதயம் உங்களுது. நீங்க போட்டாப் போதும்." போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்காக நானே போட்ட முதல் கையெழுத்து அதுதான். எழுத்து கொஞ்சம் கோணலாகிவிட்டது.

மயக்க மருந்து கொடுக்கவில்லை. தொடையில் மரத்துப்போகிற ஊசி மட்டும்தான். அறை குளிர்ந்து கிடந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டு திரையையே பார்த்தேன். மெட்ராஸ் டாக்டர் இளைஞர், அதிகம் பேசாதவர். அவர் கை அசைய அசைய ஒரு கம்பி என் இதயத்தைச் சுற்றி வளைந்து போயிற்று. இன்னொரு திரையில் இரண்டு கோடுகள் ஓடின. இதயத்துக்கு உள்ளே எவ்வளவு அழுத்தம், வாசலுக்கு வெளியே எவ்வளவு என்று காட்டுகிற கோடுகளாம். உள்ளே உள்ளது பனைமர உயரத்துக்குப் போனது, வெளியே உள்ளது பாதியில் நின்றது. நடுவில் உள்ள அந்த இடைவெளிதான் என் நோய் என்றார் தியாகராசன். அவர் என் தலைமாட்டில் நின்றார். நான் கேள்வி கேட்பேன் என்று தெரிந்தே வந்து நின்றிருப்பார்.

சின்னக் கிளையில் ஒரு குட்டி பலூனை ஊதி அடைத்தார்கள். முதலில் வெறும் சாய மருந்து. எக்கோ திரையில், தடித்த சுவரில் ஒரு துண்டு மட்டும் வெள்ளையாக மின்னியது. "அந்த எடம்தான். வேற எங்கயும் போகல" என்று ஒருவருக்கொருவர் சொல்லி உறுதி செய்துகொண்டார்கள். ஒரு இடத்தைச் சாகடிப்பதற்கு முன் இவ்வளவு விசாரிக்கிறார்களே என்று நினைத்தேன்.

"இப்ப விடப்போறோம். வலிக்கும். சொல்லுங்க" என்றார்.

வலித்தது. நெஞ்சின்மேல் யாரோ முழங்காலை ஊன்றி ஏறி உட்கார்ந்த வலி. பல்லைக் கடித்தேன். ஊசியில் வலிமருந்து ஏற்றினார்கள். இதற்குப் பெயர்தான் மாரடைப்பா என்று பார்த்துக்கொண்டேன். வலியின் நடுவிலும் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். பனைமரக் கோடு ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளிக்கோடு ஏறிவந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்றாக ஓட ஆரம்பித்தபோது மெட்ராஸ் டாக்டர் முதன்முதலாகச் சிரித்தார். "முடிஞ்சுது" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஷிஃபாவுக்கும் கேட்டதாம்.

கரண்டுப் பாதைக்கு ஏதும் ஆகிறதா என்று பார்க்க, கம்பியும் வயருமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கண் விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். திருச்சியில் இறங்கி நேராக வந்திருக்கிறார். முகத்தில் நாலு நாள் தாடி, கசங்கிய சட்டை, கையில் ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற மனிதர் கையை வீசிக்கொண்டு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "அன்னைக்கு ஏன் போனை வச்சீங்க?"

"பாஸ்போர்ட்டு மொதலாளிக்கிட்ட. லீவுக்கு அலைஞ்சேன்."

"அலைஞ்சுக்கிட்டே ஒரு வார்த்த பேசக் கூடாதா? நான் செத்துருந்தா?"

அவர் கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு குனிந்த தலை நிமிராமல் பேசினார். "நான் சபர் போன வாரம் நீ விழுந்தேன்னு ஊர்லேர்ந்து வந்த ஆளு சொன்னாரு. ஒன்னைப் பிரிஞ்ச ஏக்கத்துல அந்தப் புள்ள விழுந்து கெடக்குதுன்னு சொன்னாரு. அப்பறம் நீ விழுந்தேன்னு ஒவ்வொரு தடவ கேக்குறப்பவும், நான் ஊர்ல இருந்தா இவ விழமாட்டான்னுதான் தோணும். என்ன செய்யுது, எப்படி இருக்குன்னு கேட்டா, வந்துடுங்கன்னு சொல்லிடுவியோன்னு பயம். வரவும் முடியாது. அதான் கேக்கல சைத்தூன். மாத்திரைய அனுப்பிக்கிட்டு இருந்தேன்."

இத்தனை வருஷம் அந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கியிருக்கிறார். என் கோபம் போகவில்லை. ஆனால் அவரை அப்படியே நிற்கவிட என்னால் முடியவில்லை.

"இங்க வாங்க" என்றேன். பக்கத்தில் வந்தார். "உங்களால விழலங்க நான். சுவரு தடிச்சுப் பொறந்தேன், அதனால விழுந்தேன். நீங்க பக்கத்து ரூம்லயே இருந்துருந்தாலும் விழுந்துருப்பேன்."

"நெசமாவா?"

"டாக்டரைக் கேளுங்க. என்கிட்ட படமே இருக்கு."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, சின்னப் பையன் மாதிரிக் கேட்டார்.

"அப்ப, நீ என்னை நெனச்சு ஏங்கவே இல்லியா?"

"ஏங்குனேன்" என்றேன். "விழாம, நின்னுக்கிட்டேதான் ஏங்குனேன்."